என் கண்ணில் வைத்ததை என்னிடம் சொல்லவில்லை

மைட்டோமைசின் தோய்ந்த பஞ்சை ஆபரேஷன் தியேட்டரில் கண்ட தொட்டியில் போடக்கூடாது. மஞ்சள் பையில் போட வேண்டும். உயிரணுக்களைக் கொல்லும் மருந்து பட்டது என்று பையின் மேல் எச்சரிக்கை லேபிள் ஒட்ட வேண்டும். 1,200 டிகிரிக்கு மேல் தகிக்கிற உலையில் எரிக்க வேண்டும். 2016ஆம் வருஷத்து மருத்துவக் கழிவு விதிகள் இப்படிச் சொல்கின்றன. நகத்தளவு பஞ்சுக்கு இவ்வளவு பாதுகாப்பு. அந்தப் பஞ்சை எந்தக் கண்ணில் வைத்து எடுத்தார்களோ அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரன் நான். என் கையில் என்ன கொடுத்து அனுப்பினார்கள்? சொட்டு மருந்துச் சீட்டு ஒன்று, கறுப்புக் கண்ணாடி ஒன்று, திரும்ப எப்போது வர வேண்டும் என்று ஒரு தேதி. அந்த மருந்தின் பெயரை என் காதில் ஒருவரும் போடவில்லை.

அதைச் சொல்லாமல் விட்டதில் என் இடது கண் போய்விட்டது. டார்ச் அடித்தால் வெளிச்சம் என்று தெரிகிறது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பேத்தி அந்தப் பக்கமாக வந்து நின்றால் குரல் கேட்டுத்தான் திரும்புகிறேன்.

நான் ஒரு டர்னர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டியே தலை நரைத்தவன், வீடு திருமுல்லைவாயலில். மைக்ரோமீட்டர் கோட்டைப் பார்த்து நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் சொல்லிவிடுகிற கண் எனக்கு. இரண்டு பெண்களைப் படிக்க வைத்ததும், கல்யாணம் செய்து கொடுத்ததும் அந்தக் கண்ணின் சம்பாத்தியம். மருத்துவமனையின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் மற்றவர்கள் எல்லாரும் நமக்கில்லை என்று நிம்மதியாகப் படித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னைப் போல ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடம், எங்கே செய்துகொண்டிருந்தாலும், அன்றிலிருந்து விசாரித்து வருகிறேன். மருந்தின் பெயர் தெரியுமா என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

முதலில் இந்த நோயைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளுக்கோமா, எங்கள் பக்கத்துப் பேச்சில் கண் பிரஷர். வலிக்காது, சிவக்காது. ஓரப் பார்வையை ஓசைப்படாமல் அரித்துக்கொண்டே வரும். சங்கர நேத்ராலயா டாக்டர்கள் நடத்திய சென்னை குளுக்கோமா ஆய்வு வெளிமாநிலத்தில் நடந்ததல்ல. திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டத்துக் கிராமங்களில், எங்கள் பக்கத்து ஜனங்களில், நாற்பது வயது தாண்டிய கிட்டத்தட்ட 4,000 பேரைப் பரிசோதித்தார்கள். திறந்த கோண குளுக்கோமா இருந்தவர்கள் 1.62 சதவீதம். அவர்களில் 98.5 சதவீதம் பேருக்குத் தங்களுக்கு அப்படி ஒரு நோய் இருப்பதே தெரியாது. நகரத்தில் எடுத்த கணக்கில் நோய் இரட்டிப்புக்கும் மேல், 3.51 சதவீதம். எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. படிக்கிற கண்ணாடியை மாற்றப் போன இடத்தில் கண்டுபிடித்தார்கள். அப்போதே இடது கண்ணில் நரம்பு பாதி போயிருந்தது.

வருஷக்கணக்காகச் சொட்டு மருந்து போட்டேன். ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. நைட் ஷிஃப்டில் கூட டிபன் பாக்ஸோடு சொட்டு மருந்தும் வரும். பிரஷர் இறங்கவில்லை. 2017இல், இனி ஆபரேஷன்தான் என்றார்கள். கவுன்சிலிங் அறையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், என் பெண் வயது. ரூம் வாடகை சொன்னாள், பேக்கேஜ் சொன்னாள், காப்பீட்டுக்கு என்னென்ன ஜெராக்ஸ் வேண்டும் என்று சொன்னாள். "பயப்படாதீங்க ஐயா, சின்ன ஆபரேஷன்தான், பிரஷர் தண்ணி வடியறதுக்கு ஒரு வழி பண்ணுவாங்க, அவ்ளோதான்" என்றாள். இங்கிலீஷில் ஒரு ஃபாரம். கீழே கோடு. நான் கையெழுத்துப் போட்டேன். மாப்பிள்ளை சாட்சிக் கையெழுத்துப் போட்டார். டாக்டரை ஆபரேஷனுக்கு முன்னால் தனியாகப் பார்த்துப் பேச நேரம் கிடைக்கவில்லை. அவருக்கு அன்றைக்கு லிஸ்ட் நீளம்.

அந்த "வழி" எப்படிப்பட்டது என்று பார்வை போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். டாக்டர்களைக் கேட்டும், இங்கிலீஷில் இருந்ததை மூத்த பெண்ணை விட்டுப் படிக்கச் சொல்லியும் கற்றது இது. கண்ணுக்குள் இடைவிடாமல் ஒரு நீர் ஊறுகிறது, ஊறியது வடிய வேண்டும். வடிகிற சல்லடை அடைத்துப்போனால் அழுத்தம் ஏறி நரம்பு சாகிறது. வெள்ளை விழியின் கனத்த சுவரில் ஒரு சின்ன மூடி வெட்டி, அதன் அடியில் துளை போட்டு, மூடியை இலேசாகத் தைத்து, மேலே மெல்லிய சவ்வை இழுத்து மூடுகிறார்கள். நீர் துளை வழியாகக் கசிந்து, மேல் இமைக்கு அடியில் சவ்வுக்குக் கீழே ஒரு குமிழாகத் தேங்கி, இரத்தத்தில் உறிஞ்சப்பட்டுப் போகிறது. அந்தக் குமிழை டாக்டர்கள் பிளெப் என்கிறார்கள். இந்த ஆபரேஷனை இப்போதைய வடிவில் உலகத்துக்குச் சொன்னவர் இங்கிலாந்தின் கெய்ர்ன்ஸ், 1968இல். டிராபெகுலெக்டமி என்று பெயர்.

இதில் எதிரி நம்முடைய உடம்புதான். எங்கே வெட்டினாலும் அங்கே நார் பின்னித் தழும்பு போட்டு மூடிவிடுவது உடம்பின் குணம். வயிற்றில், காலில் அது நமக்கு நல்லது. இந்த ஒரு காயம் மட்டும் ஆறவே கூடாது. ஆறினால் துளை அடைந்து பிரஷர் திரும்ப ஏறும். வருஷக்கணக்காகச் சொட்டு மருந்து கண்ட கண், முன்பு கத்தி பட்ட கண், வயது குறைந்த கண் ஆகியவற்றில் தழும்பு இன்னும் வேகமாக விழும். எனவேதான் தழும்பு போடுகிற அணுக்களையே முடக்குகிற மருந்துக்குப் போனார்கள்.

அந்த மருந்துகள் புற்றுநோய் வார்டிலிருந்து வந்தவை. 5-ஃப்ளூரோயூராசில் 1957இல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கென்று உருவானது. மைட்டோமைசினை 1950களில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பிரித்தார்கள். ஊதா நிறத்தில் இருக்கும். அணுவின் மரபுச் சரடுகளை ஒன்றோடொன்று பிணைத்து, அது இனிப் பெருக முடியாதபடி செய்துவிடும். கண் பிரஷர் ஆபரேஷனில் அதைப் பயன்படுத்தியதைத் தைவானின் சென் 1983இல் எழுதிவைத்தார். மருந்தில் நனைத்த பஞ்சை வெட்டிய இடத்தில் ஒன்றிரண்டு நிமிஷம், சிலர் அதற்கும் மேலே வைத்து எடுத்துவிட்டு, ஏராளமான நீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். நிமிஷக் கணக்கில் தொட்டுப்போகிற அந்த மருந்தின் வேலை ஆயுசுக்கும் நிற்கிறது. கண்ணுக்கென்றே தயாரித்த மைட்டோமைசினுக்கு அமெரிக்காவில் அரசு அனுமதி கிடைத்தது 2012இல்தான். இங்கே பெரும்பாலும் புற்றுநோய்க்கு விற்கிற குப்பியை வாங்கித்தான் தியேட்டரில் நீர் சேர்த்துக் கலக்குகிறார்கள்.

மருந்தை நான் திட்டவில்லை. அது இல்லாவிட்டால் என் கண்ணில் துளை மூடியிருக்கக்கூடும் என்பது எனக்குப் புரிகிறது. அமெரிக்காவில் 213 நோயாளிகளை வைத்து ஃப்ளூரோயூராசில் ஆய்வு ஒன்று நடந்தது. முன்பே ஆபரேஷன் ஆகி, தோற்கும் வாய்ப்பு அதிகமிருந்த கண்கள். ஐந்து வருஷம் கழித்துப் பார்த்தபோது மருந்து இல்லாமல் செய்ததில் 74 சதவீதம் தோற்றிருந்தது. மருந்தோடு செய்ததில் 51 சதவீதம். எத்தனையோ பேரின் பார்வையை அது காப்பாற்றியிருக்கிறது. அதே ஆய்வின் இன்னொரு வரியையும் படியுங்கள். பிற்காலத்தில் குமிழ் ஓட்டையாகிக் கசிந்தது மருந்து இல்லாதவர்களில் 2 சதவீதம், மருந்து பெற்றவர்களில் 9 சதவீதம். இந்தக் கணக்கு 1996இலேயே அச்சாகிவிட்டது. எனக்கு ஆபரேஷன் நடக்க அதற்குப் பிறகும் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நாளிலும் அந்த இரண்டாவது வரி கவுன்சிலிங் அறைக்குள் வந்து சேரவில்லையே!

தழும்பைத் தடுக்கிற மருந்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. குமிழின் சுவரில் இருக்கிற நல்ல அணுக்களும் இரத்த நாளங்களும் சேர்ந்தே சாகின்றன. வருஷம் போகப் போகச் சுவர் வெளுத்து, இரத்த ஓட்டமில்லாமல் மெலிந்துவிடுகிறது. ஒரு பக்கம் நீர் அளவுக்கு மீறி வடிந்து கண்ணே தொய்ந்துபோகலாம். அழுத்தம் மிகவும் இறங்கினால் பார்வையின் நடுமையத்தில் விழித்திரை மடிப்பு விழும். இன்னொரு பக்கம், மெலிந்த சுவர் கசிந்தால் கண்ணின் மேல் இருக்கிற கிருமிக்கு உள்ளே போக நேர் வழி.

எனக்கு இரண்டுமே நடந்தது. ஆபரேஷன் முடிந்த முதல் மாதங்களில் இடது கண்ணால் பார்த்தால் நேர்கோடு நெளிந்தது. ஜன்னல் கம்பி நெளிந்தது. வெர்னியர் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. செக்கப்பில் சொன்னேன். "பிரஷர் நல்லா இறங்கியிருக்கு ஐயா, எட்டுக்கும் கீழ, சந்தோஷப்படுங்க. பார்வை போகப்போக சரியாயிடும்" என்றார்கள். அளவுக்கு மீறி இறங்கியதைத்தான் சந்தோஷப்படச் சொன்னார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கம்பெனியில் சூப்பர்வைசர் என்னை லேத்திலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்கார வைத்தார். நான் கடைந்த ஷாஃப்ட் ரிஜெக்ட் ஆனது என் வாழ்க்கையில் அப்போதுதான். அந்த அவமானத்தை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

பிறகு ஒருவாறு பார்வை தேறியது. ஆனால் காலையில் எழுந்தால் இடது கன்னம் ஈரமாக இருக்கும். தலையணையில் வட்டமாக நீர்க்கறை. "தூசுங்க, சி.டி.எச். ரோடுல பைக்ல போற எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்கள். மஞ்சள் சாயத்தைக் கண்ணில் தொட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் குமிழ் கசிகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். எந்தக் கண் மருத்துவமனையிலும் இருக்கிற சாயம், கண் பார்க்கிற எந்த மைக்ராஸ்கோப்பிலும் இருக்கிற விளக்கு. கண்ணில் நீர் வருகிறது என்று நான் சொன்ன நாட்களில் ஒரு தடவை கூட அதைச் செய்யவில்லை. ஜப்பானில் மைட்டோமைசின் வைத்து ஆபரேஷன் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்களைத் தொடர்ந்து கவனித்தபோது ஐந்து வருஷத்தில் சுமார் 2 சதவீதம் கண்களில் குமிழில் கிருமி ஏறியது. யார் யாருக்கு அதிகம் என்றும் பார்த்தார்கள். முன்பு கசிந்த குமிழ்களில்தான் அதிகம். என் தலையணை சொல்லிக்கொண்டிருந்ததும் அதுவே. கேட்க ஆளில்லை.

2022 நவம்பர். மழை. தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கறுப்புக் கண்ணாடி. பேத்தியின் பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு லீவு. இந்த ஊரின் பெயரையே தாங்கி நூறு வருஷத்துக்கு மேல் ஆகிற நோய், சென்னைக்காரனுக்குப் பயமில்லாத நோய். என் இடது கண் ஒரு காலை சிவந்தது. பீளை கட்டியது. "மெட்ராஸ் ஐதாங்க, உங்களுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றாள் மனைவி. மெடிக்கல் ஷாப்பில் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொட்டு மருந்தை எடுத்து வைத்தார்கள். மனசு கேட்காமல் பக்கத்து கிளினிக்குக்கும் போனேன். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார், அவர் பயம் அவருக்கு. "மெட்ராஸ் ஐ, மூணு நாள்ல போயிடும், யார் கண்ணையும் பார்க்காதீங்க" என்றார். கண் பிரஷர் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்கும் தெரியாது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் முடிந்துபோன ஆபரேஷனுக்கும் இன்றைய சிவப்புக்கும் சம்பந்தம் உண்டு என்பதை நான் எந்தப் புத்தகத்தில் படித்திருப்பேன்?

இரவு வலி ஏறியது. சாதாரண வலி இல்லை, கண்ணுக்குப் பின்னால் எலும்பைப் பிடித்து முறுக்குகிற வலி. லைட்டைப் போட்டால் தாங்கவில்லை. விடிந்தபோது இடது கண்ணில் பனி மூட்டம். மெட்ராஸ் ஐயில் இப்படித்தான் இருக்குமோ என்று மத்தியானம் வரை படுத்திருந்தேன். அந்த மத்தியானத்தை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. ஒரு வரி, "சிவந்தால் அன்றைக்கே ஓடி வா" என்று ஒரே ஒரு வரி என்னிடம் இருந்திருந்தால் முதல் நாள் காலையிலேயே ரயிலேறியிருப்பேனே!

மாலையில்தான் மூத்த பெண் வந்து பார்த்துவிட்டு, "அப்பா, கருவிழிக்குள்ள வெள்ளையா என்னமோ நிக்குது" என்று கத்தினாள். திருமுல்லைவாயலில் ரயிலேறி சென்ட்ரல், அங்கிருந்து ஆட்டோவில் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை. 1819இல் தொடங்கியது அது. இருநூறு வருஷமாக ஏழைகளின் கண்ணைப் பார்க்கிற இடம். டியூட்டியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். "கீழே பாருங்க ஐயா" என்று மேல் இமையைத் தூக்கினார். தூக்கின கையை எடுக்காமலே கேட்டார்: "பிரஷர் ஆபரேஷன் ஆகியிருக்கா? எம்.எம்.சி. போட்டாங்களா?"

பெண் பையிலிருந்து பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்தாள். ஆபரேஷன் பெயருக்குப் பக்கத்தில் அந்த மூன்று எழுத்து, மைட்டோமைசினின் சுருக்கம், இருந்தது. இத்தனை வருஷம் பீரோவில் இருந்த காகிதம். மெட்ராஸ் மெடிக்கல் காலேஜைப் பற்றி ஏதோ போட்டிருக்கிறது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்திருந்தோம். எவ்வளவு அடர்த்தியில், எத்தனை நிமிஷம் வைத்தார்கள் என்ற விவரம் இல்லை.

"குமிழ்ல இன்ஃபெக்‌ஷன் ஆகி உள்ள இறங்கிடுச்சு ஐயா. இப்பவே கண்ணுக்குள்ள ஊசி போடணும்" என்றார் அந்தப் பெண். பிறகு, கோபமாக இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டி, கேட்டார்: "சிவந்தா உடனே வரணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?"

இல்லை தாயே. யாருமே சொல்லவில்லை.

வான்கோமைசின், செஃப்டாசிடிம் என்று இரண்டு மருந்தைக் கண்ணின் உள்கூழில் ஊசியால் ஏற்றினார்கள். பின்னர் அந்தக் கூழையே வெட்டி எடுத்தார்கள். கண் உருண்டை மிஞ்சியது. பார்வை மிஞ்சவில்லை. குமிழ் வழியாக ஏறுகிற கிருமிகளில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மாதிரி மூர்க்கமானவை நிறைய. அவற்றுக்கு ஒரு நாள் கிடைத்தாலே போதும் என்று பிறகு சொன்னார்கள். நான் ஒரு நாளுக்கு மேலேயே கொடுத்துவிட்டிருந்தேன்.

இப்போது அந்த மருத்துவமனையைப் பார்த்துக் கேட்கிறேன். டாக்டர், உங்கள் கையில் குறை இருந்ததென்று நான் சொல்லவரவில்லை. துளை போட்டீர்கள், பிரஷர் இறங்கியது. மருந்து வைப்பதென்று முடிவெடுத்தீர்கள். அது சரியான முடிவாகவே இருக்கட்டும். வைத்ததை என்னிடம் சொல்ல உங்களுக்கு எது தடை? பஞ்சை வைக்க நேரமிருந்ததே, இரண்டு நிமிஷம் பேச நேரமில்லையா? நான் பயந்துபோய் ஆபரேஷன் வேண்டாம் என்றுவிடுவேன் என்று நினைத்தீர்களா? மூன்று சொட்டு மருந்துக்கும் இறங்காத பிரஷரை வைத்துக்கொண்டு நான் எங்கே ஓடியிருப்பேன்? படிக்காதவனுக்குப் புரியாது என்று விட்டீர்களா? மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பார்த்து வேலை செய்தவனுக்கா, மெலிந்த சுவர் ஓட்டையாகும் என்பது புரியாது?

எங்கள் ஷாப்பில் ஒரு இரும்புத் துண்டு லேத்தில் ஏறினால் அதோடு ஜாப் கார்டு வரும். என்ன மெட்டல், என்ன டூல், என்ன வேகம், யார் செய்தது எல்லாம் அதில் இருக்கும். பத்து வருஷம் கழித்து அந்தப் பார்ட் உடைந்தாலும் கார்டை எடுத்துப் பார்க்கலாம். இரும்புக்குக் கிடைத்த கார்டு என் கண்ணுக்குக் கிடைக்கவில்லை.

சட்டமும் இருக்கிறது. போபாலில் 1984இல் ஊரே மூச்சுத் திணறிச் செத்த பிறகு, 1987இல் ஃபாக்டரி சட்டத்தைத் திருத்தினார்கள். ஆபத்தான வேலை நடக்கிற ஆலையில் என்ன கெமிக்கல் புழங்குகிறது, அது உடம்பை என்ன செய்யும், எப்படித் தப்பிப்பது என்பதைத் தொழிலாளிக்கு முதலாளி சொல்லியே ஆக வேண்டும் என்று 41பி பிரிவைச் சேர்த்தார்கள். யூனியனில் இருந்த காலத்தில் இந்தப் பிரிவைக் காட்டி நானே மேனேஜ்மென்ட்டிடம் சண்டை போட்டிருக்கிறேன். டிரம்மில் இருக்கிற கெமிக்கலைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை உண்டு. என் கண்ணுக்குள் வைத்த கெமிக்கலைப் பற்றி யாரும் தானாக முன்வந்து சொல்லவில்லை. 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது: சிகிச்சை என்ன, எதற்கு, என்ன நன்மை, வேறு வழி உண்டா, கணிசமான ஆபத்துகள் என்ன, மறுத்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் நோயாளிக்கு விளக்கிய பிறகே சம்மதம் வாங்க வேண்டும். எட்டாத தூரத்து ஆபத்துகளையெல்லாம் அடுக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. அதைக் காட்டி என் வாயை அடைக்கப் பார்த்தார்கள், "ரொம்ப அபூர்வம் ஐயா, உங்க நேரம்" என்று. ஐந்து வருஷத்தில் நூற்றில் இரண்டு என்பது அபூர்வமா? முழுக் கண்ணையும் ஒரே ராத்திரியில் கொண்டுபோகிற ஆபத்துக்கு நூற்றில் இரண்டு போதாதா, வாயைத் திறந்து சொல்வதற்கு? அபூர்வம் என்றே இருக்கட்டும், சிவந்தால் ஓடி வா என்று சொல்ல எவ்வளவு செலவு?

கேஸ் ஷீட்டைக் கேட்டு எழுதினேன். மெடிக்கல் கவுன்சிலின் 2002 நெறிமுறைப்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளிக்குப் பதிவேட்டைக் கொடுக்க வேண்டும். பதில் வந்தது. சிகிச்சை தொடங்கி மூன்று வருஷம் வரை பாதுகாத்தால் போதும் என்றும் அதே நெறிமுறையில் இருக்கிறதாம். 2017ஆம் வருஷத்து ஃபைல் அவர்களிடம் இல்லையாம். நான் கையெழுத்துப் போட்ட அந்த ஃபாரமும் இல்லை. அந்த ஃபாரத்தில் மைட்டோமைசின் என்று எழுதியிருந்ததா என்று இனி யாராலும் காட்ட முடியாது. மருந்து செய்த வேலை ஆயுசுக்கும் என் கண்ணில் நிற்கும். குமிழில் கிருமி ஐந்தாம் வருஷமும் ஏறும், பதினைந்தாம் வருஷமும் ஏறும். காகிதத்துக்கு மட்டும் மூன்று வருஷ ஆயுசு! இந்த விதியை எழுதியவர்கள் எங்களை நினைக்கவே இல்லையா? ஆயுசு முழுக்க ஆபத்து நிற்கிற சிகிச்சைக்கு ஆயுசு முழுக்கப் பதிவேடு வைக்கச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையா? கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போக நினைத்தேன். "இரண்டு வருஷ கெடு இருக்கு, அது எந்த நாள்ல இருந்துன்னே முதல்ல வாதாடணும், கையில பேப்பரும் இல்ல" என்று வக்கீல் உதட்டைப் பிதுக்கினார்.

அம்பத்தூரிலோ ஆவடியிலோ பூந்தமல்லியிலோ கண் பிரஷர் ஆபரேஷன் ஆனவர்கள் இதைப் படித்தால், அல்லது படித்துக் காட்ட யாராவது இருந்தால், தயவுசெய்து கேளுங்கள். இன்றைக்கே உங்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுங்கள். அதில் எம்.எம்.சி. என்றோ மைட்டோமைசின் என்றோ 5-எஃப்.யூ. என்றோ இருந்தால், ஆபரேஷன் ஆகி எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் சரி, அந்தக் கண் சிவந்தால், கூசினால், மங்கினால், வலித்தால், காரணமில்லாமல் நீர் வடிந்தால் மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். அன்றைக்கே, ராத்திரியானால் ராத்திரியே, கண் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்க்கிற இடத்துக்குப் போங்கள். மெட்ராஸ் ஐ காலமாக இருந்தால் இரட்டிப்பு வேகத்தில் போங்கள். "எனக்குக் குளுக்கோமா ஆபரேஷன் ஆகியிருக்கு" என்பதை வாசலிலேயே சொல்லுங்கள். குமிழில் மட்டும் கிருமி நிற்கிற நேரத்தில் பிடித்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். உள்ளே இறங்கிவிட்டால் கஷ்டம். கண்ணைக் கசக்காதீர்கள். அழுக்குத் தண்ணீரில் முங்காதீர்கள். சொட்டு மருந்து போடுமுன் கையைக் கழுவுங்கள். அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது இவ்வளவுதான். நான் ஒரு டர்னர். ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டேன்.

இப்போது என் வலது கண்ணில் பிரஷர் ஏறிக்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்துக்கு அடங்கவில்லை. ஆபரேஷன் வேண்டும், மைட்டோமைசினும் வேண்டும் என்கிறார்கள். மருந்தைக் குறைந்த அடர்த்தியில் அகலமாகப் பரப்பி வைத்தால் குமிழ் அவ்வளவு மெலியாது, லண்டன் மூர்ஃபீல்ட்ஸ் மருத்துவமனையில் பெங் காவ் முதலானோர் செய்து காட்டிய முறை என்று இந்த முறை டாக்டர் விளக்கினார். கேட்டுக்கொண்டேன். மிஞ்சியிருக்கிற ஒரே கண், சம்மதிக்காமல் என்ன செய்வேன்? ஆனால் ஒரு காகிதம் கேட்டிருக்கிறேன். என்ன மருந்து, என்ன அடர்த்தி, எத்தனை நிமிஷம், என்னென்ன நடக்கலாம், ராத்திரி இரண்டு மணிக்குக் கண் சிவந்தால் எந்த நம்பருக்கு அடிப்பது. எல்லாம் தமிழில், டாக்டர் கையெழுத்தோடு, இரண்டு பிரதி. அது என் கைக்கு வந்த பிறகுதான் தியேட்டர் மேஜையில் ஏறிப் படுப்பேன்.